‘கிரிஸ்ப்’ என்றால் மொறுமொறுவா, மொடமொடவா?

5 ஜனவரி 2024

வாசகர் ஒருவரின் கேள்வி இது: “மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு கடையில் அம்மாவுக்குச் சுங்குடிச் சேலை வாங்கினேன். அட்டையில் ஆங்கிலத்தில் ‘கிரிஸ்ப் காட்டன்’ என்றும் அதற்குக் கீழே தமிழில் ‘மிருதுவான பருத்தி’ என்றும் இருக்கிறது. கிரிஸ்ப் என்றால் மொறுமொறு என்றுதான் எனக்குத் தெரியும். மொறுமொறு எப்படி மிருது ஆகும்? அட்டை தப்பா, நான் தப்பா?”

அட்டைதான் தப்பு. மிருது என்பது கிரிஸ்ப்புக்கு நேர் எதிர்த்திசை. துணி என்றாலே மிருது என்று யாரோ பழக்கத்தில் எழுதிவிட்டார்கள். ஆனால் மொறுமொறுவும் சேலைக்கு ஒட்டாது. மொறுமொறு வாயில் தெரிய வேண்டியது. கஞ்சி போட்ட சேலையை நாம் மொடமொட என்போம்.

5 ஜனவரி, இரவு

காலையில் அவசரமாக எழுதிவிட்டேன். கேள்வி நினைத்ததைவிடப் பெரியது.

ஆங்கிலத்தில் இந்த ஒரு பெயரடை எங்கெல்லாம் போகிறது என்று பாருங்கள். அப்பளம் கிரிஸ்ப், ஆப்பிள் கிரிஸ்ப், சேலை கிரிஸ்ப், வங்கியிலிருந்து வந்த புது நோட்டு கிரிஸ்ப். குளிர்காலத்துக் காலைக்காற்று கிரிஸ்ப். நாலே வரியில் முடிகிற கடிதமும் கிரிஸ்ப். புகைப்படத்தைக்கூடச் சொல்கிறார்கள்.

தமிழில் இவை எல்லாவற்றுக்கும் ஒரே சொல் வராது. அப்பளம் மொறுமொறு, சேலை மொடமொட. நோட்டு சலவை நோட்டு. பேச்சு நறுக்குத் தெறித்தாற்போல. படம் பளிச். காற்றுக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை, அதைப் பிறகு பார்க்கலாம்.

எனக்கு மொழிபெயர்ப்புதான் தொழில். சிறு வியாபாரிகளின் அட்டை, டப்பா, துண்டுச்சீட்டு எல்லாம் வரும். அகராதியில் முதலில் கிடக்கும் சொல்லை எடுத்துப் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிற பழக்கம் இந்தத் துறையில் பரவிவிட்டது. அதை வாங்கிப் படிக்கிறவர் நம் அம்மாவாகவும் பெரியம்மாவாகவும் இருக்கும்போது மனசு கேட்கமாட்டேன் என்கிறது. அறுபது வருஷம் பருத்திச் சேலை கட்டியவரிடம் ‘மிருதுவான’ என்று ஒரு தவறான சொல்லை நீட்டுகிறோம்.

7 ஜனவரி

எங்கள் தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் அண்ணனிடம் கேட்டேன். “அண்ணே, நல்லாக் கஞ்சி போட்ட சேலைய எப்படிச் சொல்வீங்க?” “மொடமொடன்னு நிக்கணும்” என்றார். சரி, கஞ்சி விட்டுப்போனால்? “தொவண்டு போச்சும்பாங்க. தொளதொளன்னு கெடக்கும்மா.”

அங்கேதான் பிடி கிடைத்தது. கிரிஸ்ப்புக்குத் தமிழ் தேடும்போது அது எந்தப் பொருளோ, அந்தப் பொருள் கெட்டுப்போனால் என்ன சொல்வோம் என்று முதலில் கேட்க வேண்டும். முறுக்கு கெட்டால் நமத்துப்போச்சு. சேலை கெட்டால் துவண்டுபோச்சு. வெண்டைக்காய் கெட்டால் வதங்கிப்போச்சு. நோட்டு கெட்டால் கசங்கிப்போச்சு. பேச்சு கெட்டால் வளவள. படம் கெட்டால் மங்கல். இந்தச் சொற்களை யாரும் யோசித்துச் சொல்வதில்லை, வாயில் தயாராக இருக்கின்றன. அதன் எதிர்ப்பக்கம் எதுவோ அதுவே அந்த இடத்துக் கிரிஸ்ப்.

நான் பழைய வேலைகளை எடுத்து இந்தக் கேள்வியை வைத்துச் சோதித்துப் பார்த்தேன். மூன்று இடத்தில் திருத்த வேண்டியிருந்தது. அதில் ஒன்று கீரைப் பொட்டலம். ‘மொறுமொறுப்பான கீரை’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். கீரை வாடும், நமக்காது. ‘வாடாத கீரை’ என்று எழுதியிருந்தால் போதும்.

9 ஜனவரி

நமப்பதற்கும் வதங்குவதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் ஆங்கிலச் சொல் மூடி வைத்திருப்பதைத் தமிழ் இங்கே திறந்து காட்டுகிறது.

வெள்ளரிக்காயும் ஆப்பிளும் நறுக்கென்று கடிபடக் காரணம் தண்ணீர். காயின் ஒவ்வொரு செல்லும் தண்ணீரால் நிரம்பி விறைத்து நிற்கிறது. பல் பட்டதும் அவை வெடிக்கின்றன. தண்ணீர் குறைந்தால் செல் தளர்ந்து காய் வதங்கிவிடும். முறுக்கும் அப்பளமும் அப்படியே தலைகீழ். எண்ணெயில் தண்ணீர் வெளியேறிவிடுவதால் மாவுச்சத்து கண்ணாடிபோல் இறுகி நொறுங்கும் பதத்துக்கு வருகிறது. காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்தால் அது நமத்துப்போகிறது.

ஆக ஒன்று தண்ணீர் போனால் கெடுகிறது, இன்னொன்று தண்ணீர் வந்தால் கெடுகிறது. ஆங்கிலத்தில் இரண்டுமே கிரிஸ்ப். நமக்கோ இரண்டுக்கும் வேறு வேறு சொல், கெட்டதற்கும் வேறு வேறு சொல்.

இன்னொன்றும் தோன்றியது. சேலைக்குப் போடுவது அரிசிக் கஞ்சி, முறுக்குக்குப் பிசைவது அரிசி மாவு. நூலிழைகளைக் கஞ்சியின் மாவுச்சத்து ஒட்டிப் பிடித்துக்கொள்கிறது. இஸ்திரிச் சூட்டில் ஈரம் போனதும் விறைக்கிறது. சட்டியிலும் சேலையிலும் நடப்பது ஒரே அரிசியின் வேலை. ஐப்பசி மழையில் முறுக்கு நமப்பதும் சேலை துவள்வதும் ஒரே ஈரத்தால்தான்.

10 ஜனவரி

உசிலம்பட்டியிலிருந்து ஒருவர் திருத்தம் அனுப்பியிருக்கிறார்: “எங்க ஊரில் வெள்ளரிப்பிஞ்சைக் கறுக்குன்னு கடிப்போம். நறுக்குன்னு கிள்ளுவோம், நறுக்குன்னு கேட்போம்.” ஒப்புக்கொள்கிறேன். கறுக் என்பதில் கடைவாய்ப் பல் கேட்கிறது. கடிக்கு அதுதான் பொருத்தம்.

13 ஜனவரி

‘கிரிஸ்ப்’புக்கும் ‘கிரிஸ்பி’க்கும் என்ன வித்தியாசம் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்.

கிரிஸ்பி பெரும்பாலும் தின்பண்டத்தோடு நின்றுவிடும், அதிலும் பொரித்தது, வறுத்தது, சுட்டது. கிரிஸ்ப் எல்லா இடத்துக்கும் போகும். கிரிஸ்பி நோட்டு, கிரிஸ்பி கடிதம் என்று ஆங்கிலத்தில் எழுதினால் காதுக்கு உதைக்கும். துணிக்கடை அட்டைகளில் ‘கிரிஸ்பி காட்டன்’ என்று போட்டிருப்பதையும் பார்த்திருக்கிறேன், அதைத் தவிர்ப்பது நல்லது. பிரிட்டனில் ‘கிரிஸ்ப்ஸ்’ என்று பன்மையில் சொன்னால் பாக்கெட்டில் வரும் மெல்லிய உருளைக்கிழங்கு வறுவல். நாம் சிப்ஸ் என்பது அது. அங்கே சிப்ஸ் என்று கேட்டால் விரல் மொத்தத்தில் நறுக்கிப் பொரித்த கிழங்கு சூடாக வரும். லண்டனில் படிக்கும் என் அக்கா மகன் முதல் வாரமே இதைப் பசியோடு கற்றுக்கொண்டான்.

தோசைக்குக் கிரிஸ்பி என்று பட்டியலில் அச்சடிக்கிறார்கள். வாயில் வருவது வேறு. டவுன்ஹால் ரோடு பக்கம் எந்த ஓட்டலில் உட்கார்ந்தாலும் “அண்ணே, முறுகலா ஒண்ணு” என்றுதான் குரல் கேட்கும். அவரும் உள்ளே பார்த்து “ஒரு முறுகல்” என்பார். பெயரடை அங்கே பெயராகவே ஆகிவிட்டது. இந்த ‘முறுகல்’ மனசில் இருக்கட்டும், இதற்குத் திரும்பி வருவேன்.

16 ஜனவரி

பொங்கல்காசு வாங்கின பிள்ளைகள் எங்கள் வீட்டில் நோட்டைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தன. புது நோட்டு சடசடக்கும். பழைய நோட்டு சத்தமே போடாது.

சலவை நோட்டு என்ற சொல்லை யார் முதலில் சொன்னார்களோ, கையெடுத்துக் கும்பிடலாம். வெளுத்து, கஞ்சி போட்டு, தேய்த்த வேட்டி மாதிரி இருக்கிறது என்று ஒரே சொல்லில் சொல்லியாகிவிட்டது. அதில் ஓர் உண்மையும் ஒளிந்திருக்கிறது. நம் ரூபாய் நோட்டு பருத்திக் கூழில் செய்த தாள். சலவைச் சேலையும் சலவை நோட்டும் ஒரே பஞ்சு. 1999-இல் ரிசர்வ் வங்கி சுத்தமான நோட்டுக் கொள்கையைக் கொண்டுவந்து, கட்டுகளில் ஸ்டேப்ளர் பின் அடிக்காதீர்கள் என்று வங்கிகளுக்குச் சொன்னது. அதற்கு முன்னால் புதுக்கட்டைப் பிரிக்கும்போதே மூலையில் ஓட்டை விழும். மொய் எழுத வந்த பெரியவர்கள் ஓட்டையில்லாத நோட்டாகத் தேடி எடுத்து வைத்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

21 ஜனவரி

சொல்லின் பிறப்பைத் தேடிப்போனேன். எதிர்பார்க்காத இடத்தில் கொண்டுபோய் விட்டது.

லத்தீனில் ‘கிரிஸ்பஸ்’ என்றால் சுருண்டது. சுருட்டை முடிக்குச் சொல்வது. பழைய ஆங்கிலத்திலும் கிரிஸ்ப் என்றால் சுருட்டைதான். நொறுங்கும் என்ற பொருள் 16-ஆம் நூற்றாண்டில்தான் வந்து சேர்கிறது. பிரெஞ்சு ‘கிரேப்’பும் இதே வேர். மெல்லிய பிரெஞ்சு தோசைக்கும் அதே பெயர், சுருக்கம் விழுந்த கிரேப் துணிக்கும் அதே பெயர்.

இதைப் படித்ததும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. தமிழில் ‘சுருக்கம்’ என்றால் துணியில் விழும் மடிப்பு, அதுவே குறைந்த சொல்லில் சொல்வதற்கும் பெயர். கிரிஸ்ப்பும் சுருண்டதில் தொடங்கிச் சுருக்கமான பேச்சில் வந்து நிற்கிறது! இரண்டு மொழியும் ஒரே வழியில் நடந்திருக்கின்றன என்று தோன்றுகிறது.

22 ஜனவரி

நேற்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். காலையில் நிதானமாகப் பார்த்தால் வழி ஒன்றாக இல்லை.

தமிழில் சுருங்கினால் அளவு குறையும், அதனால் பேச்சின் அளவு குறைவதும் சுருக்கம். இது நேர்வழி. ஆங்கிலத்தில் சுருட்டை முதலில் நொறுங்குவதாகி, நொறுங்குவது சுறுசுறுப்பாகி, அதன்பிறகே வெட்டிப் பேசுவதாகிறது. சுருட்டைக்கும் சிக்கனப் பேச்சுக்கும் அங்கே நேரடி உறவில்லை. சேருமிடம் ஒன்றாகத் தெரிந்ததால் பாதையும் ஒன்று என்று நினைத்துவிட்டேன். மேலே இருப்பதை அழிக்காமல் விடுகிறேன், இதே யோசனை இன்னொருவருக்கும் வரலாம்.

கிரிஸ்ப்பான பேச்சுக்கு ‘சுருக்கமான’ போதாது என்பதும் இதில் தெளிவாகிறது. சுருக்கமாகச் சொல்லிவிட்டு மழுப்பவும் முடியும். நறுக்குத் தெறித்தாற்போல என்றால் அளவும் சரி, பட வேண்டிய இடத்தில் பட்டும் இருக்கிறது.

28 ஜனவரி

சுருக்கத்தில் கிடைக்காதது முறுக்கில் கிடைத்தது. அடுப்படியில் கிடைத்தது.

அம்மா நேற்று கைமுறுக்கு சுற்றினார். பச்சரிசி மாவு, வறுத்தரைத்த உளுந்தமாவு, வெண்ணெய், சீரகம். மாவில் ஒரு எலுமிச்சை அளவு எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே திருகிக்கொண்டே வெள்ளைத் துணிமேல் வட்டமாக இறக்குவார். திருகுவதும் சுற்றுவதும் ஒரே நேரத்தில் நடக்கும். கண்ணை எடுத்தால் எந்த விரல் எதைச் செய்தது என்று தெரியாது. என் கையில் திருகு பாதியில் அவிழ்ந்து மாவு வெறும் கயிறாகக் கிடந்தது. “முறுக்கு விட்டா மொறுமொறுப்பு வராது. மொத்தையா வெந்து உள்ளே பச்சையா நிக்கும்” என்றார் அம்மா.

முறுக்கு விட்டால் மொறுமொறுப்பு வராது. எத்தனை தடவை சொல்லிப் பார்த்தேன் தெரியுமா!

முறுக்குவது என்றால் திருகுவது. கயிறு முறுக்கேறினால் இறுகும். அப்பர் தேவாரத்தில் ‘முறுக வாங்கிக் கடைய முன்நிற்குமே’ என்று வருகிறது. உறவைக் கோலாக நட்டு, உணர்வைக் கயிறாக்கி, இறுக இழுத்துக் கடையச் சொல்கிறார். அங்கே ‘முறுக’ என்றால் இறுக. அப்புறம் அதே முறுகுதல் அடுப்பில் ஏறி, அதிகம் வெந்து இறுகிப்போவதைச் சொல்கிறது. அங்கிருந்து முறுகல் தோசை. மொறுமொறுவும் பக்கத்திலேயே நிற்கிறது.

திருகலில் தொடங்கி நொறுங்கலில் முடிகிறது. கிரிஸ்பஸ் என்ற சுருளும் கிரிஸ்ப் என்ற நொறுங்கலில்தானே வந்து முடிந்தது? நேற்றுவரை எனக்கு முறுக்கு ஒரு தின்பண்டத்தின் பெயர் மட்டும். இவை இரண்டும் உறவுச்சொற்கள் என்று நான் சொல்லவில்லை. தனித்தனியாக நடந்த இரண்டு பயணம். 22-ஆம் தேதி போல இதையும் நாளை திரும்பப் பெறுவேனோ என்று ஒருநாள் பொறுத்திருந்துதான் எழுதுகிறேன். இது நிற்கிறது. கிரேப் துணியின் சுருக்கமும் நூலுக்கு அளவுக்கு மிஞ்சி முறுக்கேற்றுவதால் வருவது என்பது கூடுதல் சந்தோஷம்.

4 பிப்ரவரி

ஒருவர் கேட்கிறார்: மொறுமொறு, மொடமொட, சடசட எல்லாம் வெறும் சத்தம்தானே, இவற்றைப் போய்ப் பெயரடைக்கு ஈடாக வைக்கலாமா, அட்டையில் அச்சடித்தால் மரியாதையாக இருக்குமா?

தாராளமாக வைக்கலாம். இரட்டைக்கிளவி இரட்டித்தே வரும், பிரித்தால் நிற்காது என்று தொல்காப்பியமே நூற்பா எழுதி வைத்திருக்கிறது. இலக்கணத்தில் இடம்பெற்ற சொல்லுக்கு அட்டையில் இடமில்லையா?

கிரிஸ்ப் என்பதே காதால் உணரும் தன்மை என்று சோதித்தும் காட்டியிருக்கிறார்கள். 2004-இல் ஆக்ஸ்ஃபோர்டில் சாம்பினி, ஸ்பென்ஸ் என்ற இருவர், ஆட்களுக்குக் காதில் ஹெட்ஃபோன் மாட்டி உருளைக்கிழங்கு சிப்ஸைக் கடிக்கச் சொன்னார்கள். கடிக்கும் சத்தத்தையே மைக்கில் பிடித்து, உச்சஸ்தாயியைக் கூட்டியும் குறைத்தும் காதுக்கு அனுப்பினார்கள். கூட்டினால் சிப்ஸ் இன்னும் மொறுமொறுப்பாக, புதிதாக இருக்கிறது என்றார்கள். குறைத்தால் நமத்துவிட்டது என்றார்கள். சிப்ஸ் எல்லாம் ஒரே மாதிரிதான். முதலில் சிரிக்கவைத்துப் பிறகு யோசிக்கவைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசும் 2008-இல் இதற்குக் கிடைத்தது.

நம் பாட்டிகள் டப்பாவைத் திறந்ததும் ஒரு முறுக்கை ஒடித்துச் சத்தம் கேட்டுவிட்டுத்தான் தட்டில் வைப்பார்கள்.

11 பிப்ரவரி

காற்று பாக்கி இருந்தது. கிரிஸ்ப் காற்று என்றால் குளிர்ந்து, ஈரமில்லாமல், தெளிவாக இருப்பது. மதுரையில் மார்கழி விடியலில் வருவது இதமான குளிர். அதைக் கிரிஸ்ப் என்றால் பொய். நான் அதை உணர்ந்தது கொடைக்கானலில், ஒரு ஜனவரி காலை. மேகம் ஏதும் இல்லை. புல்மேல் உறைபனி உப்புத் தூவினாற்போல் கிடந்தது, செருப்பு பட்டதும் நொறுங்கியது. எதிர்மலையில் ஒவ்வொரு மரமும் தனித்தனியாகத் தெரிந்தது. மூச்சை இழுத்தால் மூக்குநுனி சுள்ளென்றது.

எதிர்ச்சொல் கேட்டுப் பார்த்தேன். புழுக்கம், மூட்டம், ஊதல், மூன்றும் முழுதாகப் பொருந்தவில்லை. ஒரே சொல்லுக்கு அடங்காது என்பது என் முடிவு. ‘பளிச்சென்ற குளிர்’ என்று எழுதி, தேவைப்பட்டால் பக்கத்தில் ஒரு வரி விரிக்கலாம். நம் ஊர் தராத அனுபவத்துக்குச் சொல்லைக் கட்டாயப்படுத்த வேண்டாம்.

25 பிப்ரவரி

முதல் கேள்விக்கே வருகிறேன். நேற்று சுங்குடி முடிச்சுப் போடும் ஒரு சௌராஷ்டிரக் குடும்பத்தின் வீட்டுக்குப் போயிருந்தேன். திருமலை நாயக்கர் காலத்தில் மதுரைக்கு வந்தவர்கள் என்று இவர்களைப் பற்றிச் சொல்வார்கள். மதுரைச் சுங்குடிக்கு 2005-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. இப்போது அச்சுப் புள்ளிதான் கடைகளில் அதிகம், கையால் முடிச்சிடுகிறவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

அந்த வீட்டு அம்மா, சாயம் தோய்த்து உலர்ந்த துணியை எடுத்து, இரண்டு பக்கமும் பிடித்து ஒரு இழு இழுத்தார். நூல் முடிச்சுகள் படபடவென்று தெறித்தன. முடிச்சு இருந்த இடமெல்லாம் வெள்ளைப் புள்ளி, ஒவ்வொரு புள்ளியும் சின்னக் கூம்பாகப் புடைத்து நின்றது. துணி முழுக்கச் சுருண்டு சுருண்டு இருந்தது. லத்தீன்காரன் கிரிஸ்பஸ் என்று சொன்னது இதைத்தான் என்று எனக்குள் ஓடியது. அப்புறம் கஞ்சி போட்டுத் தேய்த்தால் இன்றைய கிரிஸ்ப். சொல்லின் பழைய பொருளும் புதுப் பொருளும் ஒரே சேலையில், ஒன்றன்பின் ஒன்றாக.

அவரிடம் அட்டை விஷயத்தைச் சொன்னேன். “மிருதுன்னா போட்டிருக்காங்க? துவைக்கத் துவைக்கத்தானே மெதுவாகும்? புதுசுல வெறைப்பாத்தான் இருக்கும்” என்றார். முகத்தில் கொஞ்சம் வருத்தம் தெரிந்தது.

26 பிப்ரவரி

அவர் சொன்னதில் ஒரு திருத்தம் எனக்கும் இருக்கிறது. மொடமொட என்பது கஞ்சியின் குணம், சேலையின் குணமில்லை. மதுரைச் செல்லூரில் பாவுக்கு, அதாவது தறியில் நீளவாட்டில் ஓடும் நூலுக்கு, கஞ்சி போட்டு நெய்வதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், தறியிலிருந்து வரும் துணியிலேயே கஞ்சி இருக்கும். முதல் சலவையில் பாதி போய்விடும். அட்டையில் ‘மொடமொடப்பான பருத்தி’ என்று போட்டால் இரண்டாம் வாரம் வாங்கினவர் திரும்பி வந்து கேட்பார், அவர் கேட்பது நியாயம். ஆங்கிலத்தில் கிரிஸ்ப் காட்டன் என்பதில் பருத்தியின் சொந்த விறைப்பும் அடக்கம். வழுக்காமல், சரியாமல், கொசுவம் வைத்த இடத்தில் நிற்பது. அதைச் சொல்ல வேண்டும்.

2 மார்ச்

கேள்வி கேட்டவர் அந்தக் கடைக்காரரிடமே போய்ப் பேசியிருக்கிறார். அவர் கோபப்படவில்லை, “நீங்களே ஒரு வரி எழுதிக் குடுங்க” என்றாராம். நான் எழுதியது: ‘விறைப்பான பருத்தி, கஞ்சி போட்டால் மொடமொடவென்று நிற்கும்.’

கடைக்காரர் படித்துவிட்டு, நீளம் என்று சொல்லித் தன் அம்மாவிடம் காட்டியிருக்கிறார். அந்த அம்மா பேனாவை வாங்கி எல்லாவற்றையும் அடித்துவிட்டு எழுதியது, அடுத்த வாரம் அச்சுக்குப் போகிறது:

‘மடிப்பு நிற்கும் பருத்தி.’